மோதலுக்கு முந்தைய இரண்டு விநாடி
(ஓட்டுநரின் செயலும் காயத்தின் கடுமையும் – ஒரு பொறியியல் பார்வை)

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி நம் நாட்டில் அந்த ஓராண்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். காயமுற்றோர் 4,43,366 பேர். இந்த எண்களைப் படிக்கும்போது நமக்கு ஏற்படும் முதல் உணர்வு வருத்தம். இரண்டாவதாக ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரே மாதிரியான சாலையில், ஒரே மாதிரியான வண்டியில், ஒரே மாதிரியான தடை குறுக்கே வந்தபோது, ஒருவர் சிராய்ப்போடு இறங்கி வருகிறார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கிடக்கிறார். மூன்றாமவர் வீடு திரும்புவதே இல்லை. இதற்கு என்ன காரணம்?

"தலையெழுத்து" என்று சொல்லி நாம் இந்தக் கேள்வியை முடித்துவிடுகிறோம். தலையெழுத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் மோதலுக்கு முந்தைய ஓரிரு விநாடியில் ஓட்டுநரின் காலும் கையும் என்ன செய்தன என்பதும், வண்டிக்குள் இருந்தவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் காயத்தின் அளவைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. இது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த இயற்பியல்தான். வாசகர்களில் பலர் வார இறுதியில் குடும்பத்தோடு ஆக்ரா, ஜெய்ப்பூர், ஹரித்வார் என்று காரில் போய்வருகிறவர்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இந்தக் கணக்கை எளிமையாகப் போட்டுக் காட்டுகிறேன்.

வேகமும் உயரமும்

ஓடும் வண்டியில் ஓர் ஆற்றல் இருக்கிறது. அதை இயக்க ஆற்றல் என்கிறோம். எடையைப் பொறுத்து அது நேர் விகிதத்தில் கூடும். வேகத்தைப் பொறுத்தோ, வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. வண்டி நிற்க வேண்டுமானால் இந்த ஆற்றல் எங்காவது போய்த் தீர வேண்டும். பிரேக் பிடித்தால் அது சூடாக மாறிப் போகிறது. பிரேக் பிடிக்காமல் மோதினால் தகரம் நசுங்குவதிலும் எலும்பு முறிவதிலும் போகிறது. மூன்றாவது வழி கிடையாது.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் நம் மனத்தில் பயம் வருவதில்லை. ஆகவே அதை உயரமாக மாற்றிப் பார்ப்போம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஏறக்குறைய ஒன்றரை மாடி. 72 கி.மீ. வேகத்தில் மோதுவது 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏழாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்குதான். உயரம் நான்கு மடங்காகிவிட்டது. ஏழாவது மாடி பால்கனியின் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைக்க யாரும் துணியமாட்டோம். 72 கி.மீ. வேகத்தில் ஓடும் காரின் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போகிறோம்.

அரை விநாடியின் விலை

ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க நேரம் ஆகிறது. கவனமாக ஓட்டுபவருக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். இந்திய சாலைக் காங்கிரஸ் நெடுஞ்சாலைகளை வடிவமைக்கும்போது இதற்கு 2.5 விநாடி ஒதுக்குகிறது. களைப்பு, வயது, இரவு நேரம் எல்லாவற்றையும் சேர்த்து எச்சரிக்கையோடு போட்ட கணக்கு அது.

உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் முழு பிரேக் பிடித்தால், வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 7 மீட்டர்/விநாடி வீதம் குறையும். இப்போது ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. 60 மீட்டர் தொலைவில் விளக்கில்லாத ஒரு லாரி சாலையில் நிற்பது தெரிகிறது.

முதல் ஓட்டுநர் ஒன்றரை விநாடியில் பிரேக்கை முழுதாக மிதிக்கிறார். அந்த ஒன்றரை விநாடியில் கார் 30 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 29 மீட்டரில் நிற்கிறது. மொத்தம் 59 மீட்டர். லாரிக்கு ஒரு மீட்டர் முன்னால் கார் நின்றுவிட்டது. காயம் எதுவுமில்லை.

இரண்டாவது ஓட்டுநர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அரை விநாடி தாமதம். கார் 40 மீட்டர் ஓடிவிட்டது. பிரேக்குக்குக் கிடைத்தது 20 மீட்டர். லாரியில் மோதும்போது வேகம் மணிக்கு 39 கி.மீ. உயரக் கணக்கில் இரண்டு மாடி.

மூன்றாவது ஓட்டுநர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு விநாடி தாமதம். பிரேக்குக்குக் கிடைத்தது 10 மீட்டர்தான். மோதும் வேகம் மணிக்கு 58 கி.மீ. உயரக் கணக்கில் நாலரை மாடி.

அரை விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பூஜ்யத்திலிருந்து 39, 39-லிருந்து 58. "கொஞ்சம் லேட்டாகப் பிடித்தேன், கொஞ்சம் இடித்துவிட்டது" என்ற பேச்சுக்கு இயற்பியலில் இடமில்லை. கொஞ்சம் தாமதித்தால் காயம் நிறையவே கூடும்.

இதே இடத்துக்கு மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வந்தவர், ஒன்றரை விநாடியிலேயே பிரேக் பிடித்தாலும் என்ன ஆகும்? கார் 37.5 மீட்டர் ஓடியபின்தான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். மீதி 22.5 மீட்டர். மோதும்போது வேகம் மணிக்கு 63 கி.மீ. 72-இல் வந்தவர் மோதாமலே நிற்கும் இடத்தில், 18 கி.மீ. கூடுதலாக வந்தவர் 63-இல் மோதுகிறார். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிர்ச்சேதம் ஏற்படும் விபத்தின் அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் உட்பொருள் இதுவே.

பிரேக்கில் நடக்கும் தவறுகள்

ஆபத்து நேரத்தில் ஓட்டுநர்கள் எல்லோரும் முழு பலத்தோடு பிரேக் பிடிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல.

முதலாவது, திகைத்துப்போய் எதுவுமே செய்யாமல் மோதுகிறவர்கள் இருக்கிறார்கள். "எப்படியும் மோதத்தான் போகிறோம்" என்ற எண்ணம் வந்தவுடன் கால் தளர்ந்துவிடுகிறது. மேலே சொன்ன மூன்றாவது ஓட்டுநரைப் பாருங்கள். அவருக்குக் கிடைத்த 10 மீட்டர் பிரேக், மோதலைத் தவிர்க்கவில்லை. ஆனால் மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பத்து மீட்டரிலேயே கழிந்துவிட்டது. ஏழாவது மாடி, நாலரை மாடியாகிவிட்டது. ஆகவே மோதல் நிச்சயம் என்று தெரிந்தபிறகும் பிரேக்கை விடக்கூடாது. கடைசி மீட்டர் வரை மிதித்த பிரேக் வீணாவதில்லை.

இரண்டாவது, அரைகுறையாக மிதிப்பது. கால் வேகமாகப் போகிறது. ஆனால் முழு பலத்தோடு அழுத்துவதில்லை. மேற்படி உதாரணத்தில் உரிய நேரத்தில் பிரேக் பிடித்து, ஆனால் பாதி பலத்தோடு மட்டும் மிதித்தால், மோதும் வேகம் மணிக்கு 50 கி.மீ. அதாவது அரை விநாடி தாமதித்தவரைவிட இவர் மோசமாக மோதுகிறார்! ஜெர்மனியின் மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனம் ஓட்டுநர்களை வைத்து ஆராய்ந்தபோது இந்தக் குறை தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் 1996-இல் 'பிரேக் அசிஸ்ட்' என்ற அமைப்பை அந்நிறுவனம் கொண்டுவந்தது. கால் மிதிக்கும் வேகத்தைக் கொண்டு ஆபத்தை உணர்ந்து, மீதி அழுத்தத்தை அதுவே கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஏ.பி.எஸ். உள்ள வண்டியைச் சரியாகப் பயன்படுத்தாதது. பழைய வண்டிகளில் முழு பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் சறுக்கும்; ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. ஆகவே விட்டுவிட்டு மிதிக்கும்படி அந்தக் காலத்தில் கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டும் தறுவாயில் இந்த அமைப்பே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அப்போது பெடல் காலடியில் அதிரும். கடகடவென்று ஓசையும் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் உண்டு. எடுக்கக்கூடாது, இன்னும் அழுத்த வேண்டும். அந்த அதிர்வு, அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

நான்காவது, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பது. தானியங்கி கியர் வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில், வண்டியை நிறுத்தும் இடங்களில் இது நடக்கிறது. வண்டி முன்னே பாய்ந்ததும் "பிரேக் பிடிக்கவில்லை" என்று நினைத்து இன்னும் பலமாக அதையே மிதிக்கிறார்கள். தளர்ந்த செருப்பும், கோணலான உட்காரும் முறையும் இதற்குத் துணை செய்கின்றன. குதிகால் பிரேக்குக்கு நேராக ஊன்றியிருந்தால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும்.

திருப்புவதா, நேராக நிறுத்துவதா?

ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. உத்தரப் பிரதேசச் சாலைகளில் நீலான் குறுக்கே பாய்கிறது. மனிதனின் இயல்பான செயல், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவது. காயத்தின் கடுமையை அதிகரிக்கும் செயல்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. காரணத்தைப் பார்ப்போம்.

காரின் முன்பக்கம் மோதலை ஏற்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பேலா பாரெனி என்ற பொறியாளர் 1950-களில் மெர்சிடஸ் நிறுவனத்தில் இருந்தபோது வகுத்த தத்துவம் இது: முன்னும் பின்னும் நசுங்கட்டும், மனிதர்கள் இருக்கும் நடுக்கூடு மட்டும் நசுங்காமல் நிற்கட்டும். முன்பக்கத்தில் நசுங்குவதற்கு பானெட், சட்டம் என்று நிறைய இடம் இருக்கிறது. பக்கவாட்டிலோ கதவும், ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியும்தான். பதற்றத்தில் திருப்பிய கார் சறுக்கிக்கொண்டு பக்கவாட்டாக மரத்தில் மோதினால், அதே வேகத்தில் நேராக மோதுவதைவிடப் பலமடங்கு ஆபத்து. எதிர்வரிசைக்குப் போய்விட்டால், எதிரே வரும் வண்டியின் ஆற்றலும் சேர்ந்துகொள்கிறது. உயரமான வண்டியானால் கவிழவும் கூடும்.

இன்னொரு விதமும் உண்டு. இடது சக்கரங்கள் தார்ச்சாலையிலிருந்து மண் ஓரத்தில் இறங்கிவிடுகின்றன. ஓட்டுநர் பதறிப்போய் ஸ்டியரிங்கை வலப்புறம் பலமாகத் திருப்புகிறார். சக்கரம் சாலை விளிம்பில் ஏறியவுடன் திடீரென்று பிடிப்புக் கிடைத்து, வண்டி எதிர்ப்பக்கம் பாய்கிறது. இங்கே செய்ய வேண்டியது, ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து நேராக ஓட்டியபடி, ஆக்ஸிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து, பிறகு மெதுவாகச் சாலைக்கு ஏறுவது. ஓரத்தில் இறங்கியதால் இறந்தவர்களைவிட, அதிலிருந்து வெடுக்கென்று ஏற முயன்று இறந்தவர்களைப் பற்றித்தான் நாம் செய்தித்தாளில் படிக்கிறோம்.

எப்போதுமே திருப்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதசாரி ஒருவர் முன்னே இருந்து, பக்கத்தில் காலியிடம் நிச்சயமாக இருந்தால், பிரேக் பிடித்தபடியே விலகலாம். ஏ.பி.எஸ்.ஸின் பயன் அதுதான். ஆனால் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் பிரேக், பிறகு இடம் இருந்தால் திருப்பம். பிரேக் பிடிக்காமல் திருப்புவது, முழு ஆற்றலையும் கூடவே எடுத்துக்கொண்டு வேறொரு தடையைத் தேடிப் போவதாகும்.

வண்டிக்குள் நடக்கும் மோதல்

கார் லாரியில் மோதுவது முதல் மோதல். காரில் இருப்பவரின் உடல் காரின் உட்புறத்தில் மோதுவது இரண்டாவது மோதல். உடலுக்குள் மூளையும் ஈரலும் எலும்புக்கூட்டில் மோதுவது மூன்றாவது மோதல். உயிரைக் கொண்டுபோவது கடைசி இரண்டும்தான்.

54 கி.மீ. வேகத்தில் கார் மோதுகிறது என்று வைப்போம். முன்பக்கம் நசுங்குவதும் பெல்ட் சற்று விட்டுக்கொடுப்பதும் சேர்ந்து, பெல்ட் அணிந்தவர் 75 செ.மீ. தொலைவுக்குள் நிற்கிறார். புவியீர்ப்பைப்போல் 15 மடங்கு விசை அவர்மேல் செயல்படும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு டன்னுக்குச் சற்று மேல். அந்தச் சுமை தோள், மார்பெலும்பு, இடுப்பெலும்பு என்று உறுதியான பகுதிகளில் பரவுகிறது. வலிக்கும், ஆனால் பெரும்பாலும் தாங்கும். பெல்ட் அணியாதவரோ கார் நின்ற பிறகும் அதே வேகத்தில் போய் டாஷ்போர்டில் மோதி, 5 செ.மீ. தொலைவுக்குள் நிற்கிறார். விசை 230 மடங்கு. சுமை 16 டன். அதுவும் தலையிலும் நெஞ்சிலும்.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் 1954 டிசம்பரில் தம் உடலிலேயே சோதித்தார். தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில், மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்திலிருந்து ஒன்றரை விநாடிக்குள் நிறுத்தப்பட்டார். 46 மடங்கு விசையைத் தாங்கி உயிரோடு எழுந்தார். வலுவான வார்களால் இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்ததே காரணம். ஐந்தே ஆண்டில், 1959-இல், வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் இன்று நாம் அணியும் மூன்று முனைப் பெல்ட்டை உருவாக்கினார்.

இங்கே ஓட்டுநரின் செயலும் பயணியின் காயமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஓட்டுநர் சரியான முறையில் முழு பிரேக் பிடிக்கிறார். அந்தப் பிரேக்கிலேயே, பெல்ட் அணியாத பயணி இருக்கையிலிருந்து முன்னால் வந்துவிடுகிறார். மோதும் கணத்தில் அவர் முகம் டாஷ்போர்டுக்கு அருகில் இருக்கிறது. காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது மெத்தை. முன்னால் வந்துவிட்டவருக்கு அதுவே அடி. பெல்ட் இல்லாமல் காற்றுப்பையை நம்புவது தவறு.

மடியில் இருக்கும் குழந்தையைக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். 54 கி.மீ. வேகத்திலிருந்து பத்தில் ஒரு விநாடியில் வண்டி நின்றால், 10 கிலோ குழந்தை 150 கிலோ சுமையாகிவிடும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் கையின் பலம் அவ்வளவுதான். குழந்தைக்கென்று உள்ள இருக்கையை வாங்கிப் பின்னால் பொருத்துவதே வழி.

பின் இருக்கைக்குப் பெல்ட் தேவையில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த, உறுதியான வெளிநாட்டுக் கார் அது. முன் இருக்கையில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின் இருக்கையில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். அதே மாதம் தில்லிப் போக்குவரத்துப் போலீஸார் பின் இருக்கைப் பெல்ட்டுக்கும் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். சட்டம் முன்பே இருந்தது, நாம்தான் கண்டுகொள்ளவில்லை. அந்த 2022-இல் மட்டும் பெல்ட் அணியாத நிலையில் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஏறத்தாழச் சரிபாதி, 8,331 பேர், பயணிகள்.

பெல்ட் அணியாத பின் இருக்கைக்காரர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. மோதலில் அவர் டன் கணக்கான சுமையாக முன் இருக்கையின் முதுகில் விழுகிறார். முன்னால் பெல்ட் அணிந்து ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு அவருடைய அலட்சியத்துக்கு விலை கொடுக்கிறது.

இரு சக்கர வாகனம்

நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அங்கே நசுங்குவதற்கு முன்பக்கமும் இல்லை, கட்டிப் பிடிக்கப் பெல்ட்டும் இல்லை. எனவே ஓட்டுநரின் செயலுக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

பலரும் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு மாறுகிறது. பின் சக்கரம் லேசாகிப் பூட்டிக்கொண்டு சறுக்குகிறது. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. வண்டியை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்குவதே முறை. மணல் பரவிய இடத்திலும் வளைவிலும் மட்டும் எச்சரிக்கை தேவை.

மோதப்போகிறோம் என்றால் வண்டியைக் கீழே சாய்த்துவிட வேண்டும் என்று சில இளைஞர்கள் வீரமாகச் சொல்கிறார்கள். தார்மேல் ரப்பருக்கு உள்ள பிடிப்பு இரும்புக்குக் கிடையாது. சாய்ந்த வண்டி மெதுவாகவே வேகம் இழக்கும். ஓட்டியவர் லாரியின் சக்கரத்துக்கடியில் போய்ச் சேருவார்.

தலைக்கவசத்தின் உள்ளே தெர்மோகோல் போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. காருக்கு முன்பக்கம் எப்படியோ, தலைக்கு அந்த அடுக்கு அப்படி. அது நசுங்கும் இரண்டு மூன்று செ.மீ. தொலைவுதான் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் முதல் மோதலிலேயே கவசம் பறந்துவிடும். 2022-இல் தலைக்கவசம் அணியாத நிலையில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள் மட்டும் 14,337 பேர்.

பனிமூட்டம்

வடஇந்தியாவில் வாழும் நமக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் தனிப் பாடம் இருக்கிறது. 25 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம் என்று வைப்போம். சாலை ஈரம், பிரேக்கின் பலன் பாதி. இந்த நிலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால், ஒன்றரை விநாடி தாமதத்தையும் சேர்த்து 22 மீட்டரில் நிற்கலாம். 36 கி.மீ. வேகத்தில் போனால் 29 மீட்டர் வேண்டும், அதாவது மோதிவிடுவோம். விரைவுச்சாலையில் 30 கி.மீ. வேகத்தில் போவதா என்று தோன்றும். அதைவிடக் கூடிய வேகத்தில் போவதானால், பார்க்க முடியாத இடத்தில் எதுவும் இல்லை என்று நம்பிப் போகிறோம் என்று பொருள்.

மூட்டத்தில் செய்யும் பெரிய தவறு, பயந்துபோய் ஓடும் வரிசையிலேயே நிறுத்துவது. பின்னால் வருபவருக்கு அந்த வண்டி நம் உதாரணத்து லாரி. முடிந்தவரை சாலையை விட்டு முழுமையாக ஒதுங்க வேண்டும். ஏற்கெனவே மோதல் நடந்துவிட்டதானால், கீழே இறங்கி வண்டிகளுக்கு நடுவே நின்று வாக்குவாதம் செய்யாமல், தடுப்புக்கம்பிக்கு அப்பால் போய்விட வேண்டும்.

ரயில்வே கற்றுத்தரும் பாடம்

ரயில் ஓட்டுநருக்கு ஸ்டியரிங் கிடையாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பும் குறைவு. முழு வேகத்தில் வரும் பயணி ரயில் அவசர பிரேக் பிடித்தால் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தேவைப்படும். கண்ணால் பார்த்து நிறுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ரயில்வே என்ன செய்தது? ஓட்டுநரின் துரிதச் செயலை நம்பாமல், அவருக்குத் தூரத்தைக் கொடுத்தது. வேகமான தடங்களில் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒன்று என்று இரண்டு டிஸ்டன்ட் சிக்னல்கள் நிற்கின்றன. ஓட்டுநர் அசந்துவிட்டாரா என்று அறிய, எஞ்சினில் விழிப்புணர்வுக் கருவி இருக்கிறது. ஒரு நிமிடம் எந்தச் செயலும் இல்லாவிட்டால் அது எச்சரித்து, பதில் இல்லையானால் தானே பிரேக் பிடிக்கும். இப்போது 'கவச்' வந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மோதல் நேர்ந்தால், பெட்டி மேல் பெட்டி ஏறாமல் தடுக்கும் இணைப்புகளோடு எல்.எச்.பி. பெட்டிகள்.

மனிதன் தவறுவான் என்று ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு உயிரைக் குடிக்காதபடி அமைப்பைச் செய்வதே இதன் தத்துவம். ஸ்வீடன் நாடு 1997-இல் சாலைகளுக்கும் இதையே கொள்கையாக்கியது. தில்லி ஐ.ஐ.டி.யில் பல்லாண்டுகள் பணியாற்றி 2021-இல் மறைந்த பேராசிரியர் தினேஷ் மோகன் நம் நாட்டில் இதைத்தான் வலியுறுத்திவந்தார். ஓட்டுநரைத் திட்டுவதால் மட்டும் சாவு குறையாது. சாலையும் வண்டியும் மன்னிக்கும் தன்மை உடையனவாக இருக்க வேண்டும்.

நம் சாலைகளெல்லாம் அப்படி ஆகும்வரை, நமக்கான டிஸ்டன்ட் சிக்னலை நாமே நட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதற்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

1. முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைக் கடந்ததும் நிதானமாக மூன்று விநாடி எண்ணுங்கள். அதற்கு முன் நீங்கள் அந்த மரத்தை அடைந்தால் நெருங்கிப் போகிறீர்கள். மழையில் நான்கு, ஐந்து எண்ணுங்கள்.

2. இரவில் இறக்கிய விளக்கு வெளிச்சம் சுமார் 40, 50 மீட்டர்தான் காட்டும். 72 கி.மீ. வேகத்தில் நிற்க 59 மீட்டர் வேண்டும். வெளிச்சத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போங்கள்.

3. ஸ்டியரிங்குக்கும் மார்புக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். தலைத்தாங்கியின் மேல்விளிம்பு காதுக்கு மேலே இருக்குமாறு உயர்த்துங்கள். பின்னாலிருந்து யாராவது மோதினால் கழுத்தைக் காப்பது அது.

4. காலியான, பாதுகாப்பான இடத்தில், 40 கி.மீ. வேகத்தில் ஒருமுறை முழு பலத்தோடு பிரேக் பிடித்துப் பாருங்கள். ஏ.பி.எஸ். அதிர்வை முதன்முதலாக விபத்தின்போது சந்திக்கக் கூடாது.

5. பின் இருக்கை உட்பட எல்லோரும் பெல்ட் மாட்டிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள். பெரியவர்கள் மறுத்தால், மரியாதையோடு காத்திருங்கள். வண்டியை மட்டும் நகர்த்த வேண்டாம்.

6. ஆபத்து வந்தால்: முழு பிரேக், கடைசி வரை, ஸ்டியரிங் உறுதியாக, இடம் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே விலகல்.

7. பிறருடைய விபத்தைக் கண்டால் நின்று உதவுங்கள். காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முதல் ஒரு மணி நேரச் சிகிச்சையே பல உயிர்களைக் காக்கிறது.

மேலே கண்டவற்றில் பணச் செலவு உள்ளது குழந்தை இருக்கை ஒன்றுதான். மற்றவை பழக்கங்கள். அடுத்த வெளியூர்ப் பயணத்துக்கு முன், வண்டி ஓட்டத் தொடங்கியிருக்கும் உங்கள் மகனையோ மகளையோ அருகில் உட்காரவைத்து, அந்த 60 மீட்டர் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். கடைசியில் ஒரு வர்க்கமூலம் வரும், அதற்குக் கால்குலேட்டர் இருக்கிறது. புத்திமதியாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. தங்கள் கையாலேயே போட்ட கணக்கை அவ்வளவு எளிதில் மறக்கமாட்டார்கள்.